சிந்துவெளிப் பானையில் என்ன வெந்தது?

சிந்துவெளி மக்கள் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் சமைத்ததைப் பானையோடுகளை ஆராய்ந்து கண்டுபிடித்துவிட்டதாக ஒரு செய்தி சொல்கிறது, அதே மக்கள் மஞ்சளும் இஞ்சியும் சேர்த்துக் குழம்பு வைத்ததாக இன்னொரு செய்தி சொல்கிறது, நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் உடைந்த ஓட்டிலிருந்து இதெல்லாம் உண்மையிலேயே தெரியுமா, தெரியுமென்றால் நம் ஊரில் கிடைக்கும் ஓடுகளிலும் இதைச் செய்யலாமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். இதற்குள் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. ஓட்டுக்குள் இன்றைக்கு என்ன பொருள் தங்கியிருக்கிறது என்பது முதலாவது. அந்தப் பொருள் எந்த உணவிலிருந்து வந்தது என்பது இரண்டாவது. அந்த உணவை அந்த மக்கள் எந்த அளவுக்கு உண்டார்கள் என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு வேதியியல் திடமாகப் பதில் சொல்லும், இரண்டாவதற்குத் தயங்கித் தயங்கியே சொல்லும், மூன்றாவதற்குப் பானையால் தனியாகப் பதில் சொல்லவே முடியாது. செய்தித் தலைப்புகளில் இந்த மூன்றும் ஒன்றாகக் குழைந்துவிடுவதால்தான் இவ்வளவு குழப்பம். மட்கலங்களை வகைப்படுத்துவதும், ஓடுகளை எச்ச ஆய்வுக்கு, அதாவது உள்ளே தங்கிய உணவுத் தடயங்களைத் தேடும் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்து அனுப்புவதும் பல ஆண்டுகளாக என் வேலை. கருவியில் அளவீடு செய்பவர்கள் வேறு ஆட்கள். ஆகவே, வேதியியல் நுணுக்கங்களை அவர்களோடு சேர்ந்து வேலை செய்து புரிந்துகொண்ட அளவுக்கு எழுதுகிறேன்.

புது மண்சட்டி வாங்கினால் உடனே அடுப்பில் ஏற்றாமல், தண்ணீரில் ஊறவைத்து, வடிகஞ்சியோ கழுநீரோ ஊற்றிப் பழக்குவது நம் வீடுகளில் உள்ள வழக்கம். மெருகு பூசாத சுட்டமண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்திருப்பதே அதற்குக் காரணம். சமைக்கும்போது உருகும் கொழுப்பு அந்தத் துளைகளுக்குள் புகுந்து களிமண் துகள்களோடு ஒட்டிக்கொள்கிறது. கொழுப்பு நீரில் கரையாது. துளைக்குள் நுண்ணுயிரிகளும் எளிதில் எட்டாது. அதனால் மாவுச்சத்தும் புரதமும் பெரும்பாலும் அழிந்துபோன பிறகும் கொழுப்பின் சிதைந்த பகுதிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்கிவிடுகின்றன. இதை முறையான ஆய்வு வழியாக வளர்த்தெடுத்ததில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் எவர்ஷெட்டின் பங்கு பெரிது. 1990களின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் கிடைத்த பழைய சமையல் பானைகளில் முட்டைக்கோசு வகைக் கீரையின் இலைமெழுகை அவர் குழுவினர் அடையாளம் கண்டது இத்துறையின் ஆரம்ப வெற்றிகளில் ஒன்று.

ஆய்வு நடக்கும் விதத்தைச் சற்று நெருக்கமாகச் சொன்னால்தான் அதன் பலமும் பலவீனமும் விளங்கும். நீரில் கொதிக்கும் உணவில் கொழுப்பு மேலே மிதப்பதால், பானையின் அடிப்பகுதியைவிட விளிம்பை ஒட்டிய மேற்பகுதியில்தான் அது மிகுதியாக ஊறியிருக்கும். ஆகவே, வாய் விளிம்பும் தோள்பகுதியும் உள்ள ஓடுகளையே முதலில் தேடுவோம். ஓட்டின் மேற்பரப்பை மெல்லச் சுரண்டி நீக்குவார்கள், ஏனெனில் மண்ணிலிருந்தும் கையிலிருந்தும் ஒட்டிய அழுக்கு அங்கேதான் இருக்கும். பிறகு இரண்டு கிராம் அளவுக்குத் தூளாக்கிக் கரைப்பான்களால் கொழுப்பைப் பிரித்தெடுத்து, குரோமடோகிராபி கருவியில் செலுத்தி, மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எடை காண்பார்கள். ஒரு கிராம் ஓட்டில் 5 மைக்ரோகிராம் கொழுப்பாவது இருந்தால்தான் அதை நம்பி மேலே பேசலாம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரையறை. ஓட்டை வெறுங்கையால் தொட்டிருந்தால் நம் தோலின் எண்ணெயும், பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தால் பிளாஸ்டிக்கின் மென்மையூட்டிகளும் அந்த வரைபடத்தில் எழுந்து நிற்கும். தோலெண்ணெயில் உள்ள ஸ்குவாலீனும் கொலஸ்டிராலும் சேர்ந்து தென்பட்டால் அது பழங்காலச் சமையலைவிட நேற்றைய விரல்ரேகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நல்ல ஆய்வகங்கள் ஓட்டுக்கு அருகில் இருந்த மண்ணையும் சேர்த்தே சோதிப்பது இதனால்தான்.

கிடைப்பவற்றில் பெரும்பகுதி பால்மிடிக், ஸ்டியரிக் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்களாகவே இருக்கும். இவை இரண்டும் எல்லா விலங்குக் கொழுப்பிலும் உண்டு, தாவர எண்ணெயிலும் உண்டு. எனவே இவை இருக்கின்றன என்பதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. உதவிக்கு வருவது அவற்றில் உள்ள கார்பன்-13, கார்பன்-12 என்ற இரு ஐசோடோப்புகளின் (எடை மட்டும் வேறுபட்ட கார்பன் அணுக்களின்) விகிதம். பசுவின் பால்மடியால் ஸ்டியரிக் அமிலத்தைத் தானே உருவாக்க முடியாது; தீவனத்திலிருந்து வந்த கொழுப்பை வாங்கித்தான் பாலில் சேர்க்கிறது. பால்மிடிக் அமிலத்தையோ மடி தானே செய்துகொள்கிறது. இந்த வேறுபாட்டால் பால்கொழுப்பில் ஸ்டியரிக் அமிலத்தின் கார்பன்-13 அளவு பால்மிடிக் அமிலத்தைவிட நன்றாகக் குறைந்திருக்கும். இரண்டுக்குமுள்ள வித்தியாசம் ஆயிரத்துக்கு மைனஸ் 3.3க்குக் கீழே போனால் பால் என்றும், அதற்கு மேல் மைனஸ் 1 வரை இருந்தால் அசைபோடும் விலங்கின் உடற்கொழுப்பு என்றும், அதற்கும் மேலே இருந்தால் பன்றி போன்ற அசைபோடாத விலங்கின் கொழுப்பு என்றும் தோராயமாக எல்லை வகுத்திருக்கிறார்கள். இறைச்சியையும் பாலையும் வெறும் ஓட்டிலிருந்தே பிரித்தறியலாம் என்பது தொல்லியலுக்குக் கிடைத்த பெரிய வரம். இன்றைய துருக்கியில் உள்ள வடமேற்கு அனத்தோலியாவில் கி.மு. ஏழாம் ஆயிரமாண்டிலேயே பால் பயன்பட்டதை 2008இல் வெளியிட்டதும், போலந்தின் குயாவியா பகுதியில் கிடைத்த துளையிட்ட மண்சல்லடைகள் பாலாடைக்கட்டி வடிக்கவே பயன்பட்டன என்பதை 2013இல் காட்டியதும் இந்த வழியில்தான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் கேள்விக்கான நேரடிப் பதிலின் பாதி இதில் இருக்கிறது. இந்த முறை அசைபோடும் விலங்குகளுக்குள் வேறுபாடு காணாது. பசு, எருமை, செம்மறியாடு, வெள்ளாடு நான்கின் உடற்கொழுப்பும் ஒரே எல்லைக்குள் விழும். ஆகவே 'பானையில் மாட்டிறைச்சி கண்டுபிடிக்கப்பட்டது' என்ற வாக்கியத்தைப் பானையை மட்டும் வைத்து யாரும் எழுத முடியாது. மாடு என்ற முடிவு எலும்புகளிலிருந்து வருகிறது. பானை சொல்வது ஒன்று, எலும்பு சொல்வது வேறொன்று. இரண்டையும் இணைத்து ஆய்வாளர் சொல்வது மூன்றாவதான ஓர் ஊகம்.

நீங்கள் படித்த செய்திக்கு மூலமான ஆய்வு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அக்ஷயேதா சூர்யநாராயண் தம் முனைவர் பட்டத்துக்காகச் செய்தது. 2020ஆம் ஆண்டின் இறுதியில் அது கட்டுரையாக வந்தது. அரியானாவின் ராகிகடி, ஃபர்மானா, மசூத்பூர், லோஹாரி ராகோ, கனக் ஆகிய இடங்களிலிருந்தும் உத்தரப் பிரதேசத்தின் ஆலம்கீர்பூரிலிருந்தும் 172 ஓடுகள் எடுக்கப்பட்டன. பெருநகரும் உண்டு, சிற்றூர்களும் உண்டு என்பது இத்தேர்வின் சிறப்பு. வெயிலும் பருவமழையும் மாறி மாறி வாட்டும் காரத்தன்மையுள்ள மண்ணில் கொழுப்பு குறைவாகவே தங்கும். இருந்தும் 71 விழுக்காடு ஓடுகளில் பேசத்தக்க அளவு கிடைத்தது. அவற்றில் விலங்குக் கொழுப்பு இருந்தது, நகரத்துப் பானைக்கும் சிற்றூர்ப் பானைக்கும் பெரிய வேறுபாடு இல்லை, நகரங்கள் நலிந்த காலத்திலும் பானைகளைப் பயன்படுத்திய விதம் பெரிதாக மாறவில்லை என்பவை அதன் முக்கிய முடிவுகள். பால் புழங்கியதற்கான தடயம் குறைவாகவே கிடைத்தது. எதிர்பாராத முடிவு ஒன்றும் வந்தது: அசைபோடாத விலங்குகளின் கொழுப்பு என்று தோன்றும் அளவீடுகளே மிகுதியாக இருந்தன.

பன்றியிறைச்சிச் செய்தி பிறந்தது இந்த இடத்தில்தான். ஆனால் சிந்துவெளி ஊர்களில் கிடைக்கும் வளர்ப்பு விலங்கெலும்புகளில் 50 முதல் 60 விழுக்காடு மாடும் எருமையும். ஆடுகள் ஏறத்தாழ 10 விழுக்காடு. பன்றி 2, 3 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. குப்பையில் பன்றி எலும்பு இவ்வளவு அரிதாக இருக்கும்போது பானைகளில் மட்டும் பன்றிக் கொழுப்பு நிறைந்திருப்பது எப்படி? ஆய்வாளரே இந்த முரண்பாட்டை மறைக்காமல் முன்வைத்து, தாவரப் பொருள்களோ, தாவரமும் இறைச்சியும் கலந்த சமையலோ இத்தகைய மயக்கமான அளவீட்டைத் தந்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறார். செய்திகளில் விடுபட்டுப்போனது இந்தப் பகுதியே.

அந்த மயக்கம் எப்படி உண்டாகும் என்பதை விளக்குகிறேன். கம்பு, சோளம் போன்ற வெப்பநிலப் புல்வகைகளில் கார்பன்-13 கூடுதலாக இருக்கும். கோதுமை, வாற்கோதுமை, பயறு வகைகள், எண்ணெய் வித்துகள் ஆகியவற்றில் குறைவாக இருக்கும். சிறுதானியத் தட்டையைத் தின்று வளர்ந்த ஒரு மாட்டின் இறைச்சியைக் கோதுமையோடோ பயறோடோ சேர்த்து வேகவைத்ததாக வைத்துக்கொள்வோம். தானியத்திலும் பயறிலும் ஸ்டியரிக் அமிலம் மிகக் குறைவு, பால்மிடிக் அமிலம் அதைவிட அதிகம். எனவே பானைச் சுவரில் ஊறும் ஸ்டியரிக் அமிலம் கிட்டத்தட்ட முழுவதும் மாட்டினுடையது. பால்மிடிக் அமிலமோ மாடும் பயறும் கலந்தது. பயறின் பங்கு சேரச் சேரப் பால்மிடிக்கின் கார்பன்-13 இறங்கும், ஸ்டியரிக் இருந்த இடத்திலேயே நிற்கும், இரண்டின் வித்தியாசம் மைனஸிலிருந்து பூச்சியத்தை நோக்கி ஏறும். கடைசியில் கருவி காட்டும் எண், பன்றிக்குரிய எல்லைக்குள் போய் விழும். ஒரு பன்றிகூட இல்லாத அடுப்பிலிருந்து பன்றியின் அளவீடு வரலாம். பால் ஊற்றிய பானையில் பிறகு பயறு வெந்திருந்தால், பாலின் தடயமும் இப்படியே மறைந்துபோகலாம். எல்லாப் பானையிலும் இதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடந்திருக்கக்கூடியதை அந்த எண் மட்டும் மறுக்க முடியாது என்பதே செய்தி. இந்த எல்லைக்கோடுகள் பெரும்பாலும் ஐரோப்பிய மேய்ச்சல் நிலத்து விலங்குகளை வைத்து வகுக்கப்பட்டவை. நம் நாட்டுத் திமில் மாட்டுக்கும் எருமைக்கும் காட்டுப்பன்றிக்கும், நம் மண்ணில் விளையும் தீவனத்துக்கும் உரிய ஒப்பீட்டுக் கொழுப்புத் தரவுகள் இல்லாததை அந்தக் கட்டுரையே ஒரு குறையாகச் சொல்கிறது.

இதே முறை குஜராத்தில் வேறுவிதமாகப் பேசியது. கச்சுப் பகுதியில் கோட்டடா பட்லி என்ற சிறிய ஊரில், ஏறத்தாழ கி.மு. 2500ஐச் சேர்ந்த 59 ஓடுகளைக் கல்யாண் சேகர் சக்ரவர்த்தியும் உடன் ஆய்வாளர்களும் சோதித்தபோது, 21 ஓடுகளில் பால்கொழுப்பு தெளிவாகத் தெரிந்தது. அங்கே கிடைத்த விலங்குகளின் பல் எனாமலைச் சோதித்ததில், மாடும் எருமையும் சிறுதானியத் தீவனமும், ஆடுகள் சுற்றுவட்டாரப் புல் தழையும் தின்றது தெரியவந்தது. ஓட்டில் இருந்த பால் முன்னதோடு ஒத்துப்போனதால் அது மாடு அல்லது எருமையின் பால் என்று ஒரு படி மேலே போய்ச் சொல்ல முடிந்தது. பானையும் பல்லும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இத்தகைய சான்று என் கண்ணுக்கு மிக உயர்வானது. இதை அரியானா முடிவோடு ஒப்பிட்டு, ஓரிடத்தில் பால் குடித்தார்கள், இன்னோரிடத்தில் குடிக்கவில்லை என்று முடிவுகட்டுவது அவசரம். தயிர் உறையவைத்த பானை வேறு, குழம்பு கொதித்த பானை வேறு. எந்த வகைக் கலத்தின் ஓடு ஆய்வுக்குப் போனது என்பதும் முடிவை மாற்றும்.

இனி அந்தக் குழம்புக்கு வருகிறேன். அது ஃபர்மானாவில், கொழுப்பை விட்டுவிட்டு மாவுச்சத்து மணிகளைத் தேடிய ஆய்வு. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அருணிமா காஷ்யப்பும் ஸ்டீவ் வெபரும், பானைகளின் உட்புறத்திலும் மனிதப் பற்களிலும் ஒட்டியிருந்த நுண்மணிகளை நுண்ணோக்கியில் பார்த்து, மஞ்சள், இஞ்சி ஆகியவற்றின் மணிகளை அவற்றின் உருவத்தைக் கொண்டு அடையாளம் கண்டதாக 2010 வாக்கில் அறிவித்தார்கள். பல்லில் கிடைத்தது முக்கியமானது, வாய்க்குள் போனதற்கு அதைவிட நேரடிச் சாட்சி அரிது. ஆனால் இந்த முறைக்கும் தனக்கே உரிய சங்கடங்கள் உண்டு. நன்றாக வெந்தால் மாவு மணி வீங்கி உருக்குலைந்துவிடும். ஆய்வகத்துக் காற்றிலும் மாவு தடவிய கையுறைகளிலும் இன்றைய மாவு மணிகள் ஏராளம் என்பதைப் பின்னாளில் வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மஞ்சளும் இஞ்சியும் அங்கே புழங்கின என்பதை நியாயமான முடிவாக ஏற்கிறேன். அவை இரண்டும் ஒரே நாளில் ஒரே பானையில் குழம்பாகக் கூடின என்பது ஊகம். 'உலகின் முதல் குழம்பு' என்பது பத்திரிகைகள் சூட்டிய பட்டம். மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்து மிஞ்சிப்போனால் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளே ஆகின்றன என்பதால், இன்று நாம் மனத்தில் காணும் குழம்பை அந்தப் பானைக்குள் வைத்துப் பார்க்கவும் கூடாது.

ஒரே பானை பல நாள் சமையலைச் சுமந்திருப்பதுதான் இதில் உள்ள பொதுவான சிக்கல். மெலனி மில்லர், கிறிஸ்டின் ஹாஸ்டார்ஃப் முதலியோர் 2020இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு மிக உதவியாக இருக்கிறது. ஏழு பேர் ஆளுக்கொரு புது மண்பானையில் ஓராண்டு காலம் 50 முறை திட்டமிட்ட உணவுகளைச் சமைத்து, பிறகு பானைகளை ஆராய்ந்தார்கள். அடியில் கருகி ஒட்டியிருந்த பற்று கடைசிச் சமையலையே காட்டியது. சுவருக்குள் ஊறிய கொழுப்போ அந்த ஓராண்டில் வெந்த பலவற்றின் கலவையாக இருந்தது. ஆகவே, ஓட்டுக் கொழுப்பைப் படிப்பவர் ஒரு வேளைச் சாப்பாட்டைப் படிக்கவில்லை. ஒரு பானையின் முழு வாழ்நாளையும் மொத்தமாகப் படிக்கிறார்.

அந்த வாழ்நாளிலும் கொழுப்பில்லாத உணவு பதிவாவதில்லை. சிந்துவெளி ஊர்களின் மண்ணைச் சலித்தெடுத்துப் பார்த்தால் வாற்கோதுமை, கோதுமை, பயறு வகைகள், குஜராத் பக்கம் சிறுதானியங்கள் என்று கரிந்த விதைகள் கொட்டிக்கிடக்கின்றன. அன்றாட வயிறு நிரம்பியது பெரும்பாலும் இவற்றால்தான் என்று நான் கருதுகிறேன். ஆனால் கூழும் கஞ்சியும் காய்ச்சிய பானை, எப்போதோ ஒரு நாள் இறைச்சி வெந்திருந்தால் அந்த இறைச்சியைத்தான் உரக்கச் சொல்லும். தானியங்களைப் பிடித்துக்காட்டும் மூலக்கூறுகள் சில உண்டு: பனிவரகுக்கு மிலியாசின், கோதுமைக்கும் வாற்கோதுமைக்கும் அல்கைல் ரெசார்சினால். பனிவரகின் தடயத்தைக் கொரியாவிலும் போலந்திலும் கிடைத்த பானைகளில் கண்டிருக்கிறார்கள். அல்கைல் ரெசார்சினால் எளிதில் சிதைவது. நம் வெப்பத்தில் அது நீடிப்பது கடினம். மீனும் இப்படித்தான். கடலிலிருந்து நெடுந்தொலைவு உள்ளே இருக்கும் ஹரப்பாவில் கடல்மீன் எலும்புகளே கிடைத்திருக்கின்றன. கருவாடாக வந்திருக்க வேண்டும். கருவாட்டைச் சுட்டுத் தின்றவர் பானையில் எந்தத் தடயத்தையும் விட்டுவைப்பதில்லை.

ஆகவே, ஓட்டிலிருந்து இதெல்லாம் தெரியுமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இது. சிந்துவெளியில் பல பானைகளில் விலங்குக் கொழுப்பு இருந்தது உறுதி. மாடும் எருமையும் ஏராளமாக வளர்க்கப்பட்டதும், அவற்றின் இறைச்சி உண்ணப்பட்டதும் எலும்புகளிலிருந்து வரும் வலுவான முடிவு. அவற்றில் பெரும்பாலானவை மூன்று வயது தாண்டும்வரை உயிரோடு வைக்கப்பட்டதால், உழவுக்கும் பாலுக்கும் அவை வேண்டப்பட்டன என்பதும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது. குஜராத்தில் பால் பதப்படுத்தியது உறுதி. பன்றியிறைச்சி மிகுதியாகச் சமைத்தார்கள் என்பது இன்றுள்ள சான்றில் நிற்காது. எந்தச் சமூகத்தார் உண்டார்கள், எவர் விலக்கினார்கள், வாரத்தில் எத்தனை நாள் உண்டார்கள் என்பவற்றுக்குப் பானையிடம் விடை கிடையாது. மனித எலும்பில் உள்ள கொலாஜன் என்ற புரதம் ஓரளவு சொல்லும், ஆனால் நம் தட்பவெப்பத்தில் அது பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. இன்றைய உணவு அரசியலில் எந்தப் பக்கம் நிற்பவரும் இந்த ஓடுகளைத் தம் சாட்சியாகக் கூண்டில் ஏற்றுவது எனக்கு வருத்தம் தருகிறது, ஏனெனில் அவ்வளவு நுட்பமான உழைப்பில் பாதி அங்கே தூக்கி எறியப்படுகிறது.

நம் ஊர் ஓடுகளில் செய்யலாமா என்றால், தாராளமாகச் செய்யலாம், செய்யவும் வேண்டும். இங்கே முதலில் கவனிக்க வேண்டியது ஓடு கிடைத்த இடம். பழனிக்கு அருகே பொருந்தலில் கா. ராஜன் நடத்திய அகழாய்வில் ஈமக்குழியிலிருந்த நாலுகால் சாடி ஒன்றில் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் கிடைத்தது, அது கி.மு. 490 என்று காலம் கணிக்கப்பட்டது. அந்த நெல் இறந்தவருக்குப் படைத்தது. வாழ்ந்தவரின் அடுப்பைப் பற்றி அது நேரடியாக எதுவும் சொல்லாது. அடுப்பைப் பற்றி அறிய வேண்டுமானால், வாழிடக் குழிகளிலிருந்து வரும், வெளிப்புறத்தில் கரி படிந்த சமையல் ஓடுகள் வேண்டும். நம்மிடம் கிடங்குகளில் மூட்டை மூட்டையாக இருப்பவை பெரும்பாலும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, மையால் எண் எழுதப்பட்டவை. அவற்றிலும் உள்ளே ஊறிய கொழுப்பு மிஞ்சியிருக்கலாம் என்றாலும் நம்பிக்கை குறைவு. மாவு மணியும் கருகிய பற்றும் போனது போனதுதான். அகழாய்வில் பங்கெடுக்கும் மாணவர் யாராவது இதைப் படித்தால் அவருக்கு ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு மண்ணடுக்கிலும் நாலைந்து விளிம்போடுகளையாவது கழுவாமல், கையுறை போட்டு எடுத்து, அலுமினியத் தாளில் சுற்றி, பக்கத்து மண்ணில் ஒரு பிடியையும் தனியே மடித்து, இரண்டிலும் ஒரே எண்ணைக் குறித்து நிழலில் வையுங்கள்.